கிறனாடா உறுதியின் கதி

ஸ்பெயின் தேசத்திலே முஸ்லிம் அரசு நிலவிய காலம் எண்ணூறு ஆண்டுகளுக்குச் சிறிதே குறைந்தது. 711 ஆம் ஆண்டில் தாரிக் இப்னு சியாத் என்னும் தளபதி ஆபிரிக்கக் கரையிலிருந்து கடல் கடந்து வந்து இறங்கினான். அவன் இறங்கிய குன்றை அவன் பெயரைத் திரித்தே ஜிப்ரால்ட்டர் என உலகம் இன்றும் வழங்குகின்றது. 1492 ஜனவரி 2 ஆம் நாள் கிறனாடா நகரம் கத்தோலிக்க அரசர்களிடம் கையளிக்கப்பட்டது. இவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட கதையைச் சொல்லப் புகுவோர் இரு கட்சியினராகப் பிரிந்து நிற்கக் காண்கின்றோம். மூன்று மதத்தினரும் ஒருதாய் மக்களாய் வாழ்ந்த பொற்காலம் என்பர் ஒரு சாரார். அந்நியர் கவர்ந்த நாட்டை மண்ணின் மைந்தர் சிறிது சிறிதாக மீட்ட போர் என்பர் மறு சாரார். இரு சாராருடைய நூல்களையும் நாம் படித்ததுண்டு. சட்டம் பயின்றவன் கண்ணுக்கு முதலிலே தோன்றவேண்டிய ஒன்று அவ்விரு சாரார் கண்ணுக்கும் தோன்றாமற் போனது எமக்கு வியப்பையே தருகின்றது. அவ்வரசு நிலைகொண்டபோது ஓர் எழுத்து எழுதப்பட்டது. அது வீழ்ந்தபோதும் ஓர் எழுத்து எழுதப்பட்டது. இரண்டும் வென்றவன் தோற்றவனுக்கு எழுதிக் கொடுத்த உறுதிகள். நாம் இங்கே ஆராயப் புகுவது அவ்வுறுதிகளின் பெறுமதியையே.

முதலாவது உறுதி 713 ஆம் ஆண்டுக்குரியது. நாட்டின் தென்கிழக்கிலே ஒரிகுவேலா முதலான ஏழு ஊர்களை ஆண்டுவந்த தெயோதெமீர் என்னும் விசிகோத்தியப் பிரபுவுக்கு, முஸ்லிம் படைத்தலைவரான மூசாவின் மகன் அப்துல் அசீஸ் எழுதிக் கொடுத்தது அது. பிரபுவின் ஆட்சி பறிக்கப்படமாட்டாது, அவனுடைய மக்கள் கொல்லப்படவோ சிறைப்பிடிக்கப்படவோ மாட்டார்கள், மனைவியரும் பிள்ளைகளும் அவர்களிடமிருந்து பிரிக்கப்படமாட்டார்கள், தேவாலயங்கள் எரிக்கப்படமாட்டா, மதத்தை விடும்படி எவரும் வற்புறுத்தப்படமாட்டார். இதற்கு ஈடாக, பகைவருக்கு அடைக்கலம் கொடுத்தலாகாது; பகைவரைப் பற்றி அறிந்ததை மறைத்தலுமாகாது. தலைக்கு ஆண்டொன்றுக்கு ஒரு தீனார்ப் பொன்னும், கோதுமை நாலு அளவை, வாற்கோதுமை நாலு அளவை, திராட்சைச் சாறு நாலு, காடி நாலு, தேன் இரண்டு, ஒலிவ எண்ணெய் இரண்டு என்ற கணக்கில் திறையும் இறுக்கவேண்டும். அடிமைக்கு அதிற் பாதி. மூலப்பிரதி இன்றில்லை. பிற்கால அரபு ஆசிரியர் தம் நூல்களிலே பெயர்த்தெழுதி வைத்தமையால் அது எமக்குக் கிட்டிற்று. ஊர்ப்பெயர்களிலே பிரதிக்குப் பிரதி வேறுபாடுண்டெனினும் நிபந்தனைகளின் சாரம் ஒன்றே.

இவ்வுறுதியிலே சமத்துவம் என்னும் சொல்லுக்கு இடமில்லை என்பதை முதற்கண் ஒப்புக்கொள்ளல் வேண்டும். அக்காலத்து இசுலாமிய சட்டத்தின்படி கிறிஸ்தவரும் யூதரும் பாதுகாக்கப்பட்ட குடிகள். வரி இறுத்து, தம் மதத்தைக் கைக்கொண்டு, தமக்குள் எழும் வழக்குகளைத் தம் நியாயாதிபதிகள் முன் தீர்த்துக்கொள்ளலாம். ஆனால் முஸ்லிம் ஒருவனுக்கு மாறாக அவர்கள் சொல்லும் சாட்சியம் செல்லாது. புதிய கோயில் எழுப்ப வரையறைகள் உண்டு. காப்பும் உண்டு, தாழ்வும் உண்டு என்பதே அந்நிலை. எனினும் அதற்கு முன்னிருந்ததை நோக்கவேண்டாமா? விசிகோத்திய அரசின் கீழ் 694 ஆம் ஆண்டு தொலேதோ நகரிலே கூடிய சபை, யூதர் அனைவரையும் அடிமைகளாக்கும்படி தீர்மானித்தது. பதினேழு ஆண்டுகள் கழித்து வந்த புதிய எசமானர் வரி கேட்டார்கள், அடிமையாக்கவில்லை. அந்த யூதன் எதை விரும்பியிருப்பான் என்பதை விளக்கவும் வேண்டுமோ?

கொர்தோபாவின் புகழை நாம் விரித்துரைக்கப் போவதில்லை. அது பலரும் பாடியது. 929 ஆம் ஆண்டு தம்மைக் கலீபா எனப் பிரகடனம் செய்த மூன்றாம் அப்துர் ரகுமானின் அவையிலே ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத் என்னும் யூத வைத்தியர் வெளிநாட்டுக் காரியங்களை நடத்தினார். றெசெமுந்துஸ் என்னும் கிறிஸ்தவர், அரபிலே றபீ இப்னு சைத் எனப்பட்டவர், ஜெர்மானிய மன்னன் ஒட்டோவிடம் தூது சென்று, மேற்றிராணியாராகவும் உயர்ந்தார். அதற்கு நூறு ஆண்டுகள் முன்னரே கொர்தோபாக் கிறிஸ்தவரான அல்வாருஸ், தம் இன இளைஞர் இலத்தீனை மறந்து அரபுக் கவிதையிலே மயங்குகின்றனரே என ஏங்கி எழுதினார். எவரும் அவ்விளைஞரை அரபு படிக்கக் கட்டளையிட்டதில்லை. அம்மொழியிலே அறிவும் அழகும் உத்தியோகமும் இருந்தன. ஆதலின் தாமாகவே கற்றனர். மொழி பரவும் வழிகளுள் இதுவும் ஒன்று. மற்றொரு வழியைப் பின்னர்க் காண்போம்.

எமது கமக்கார நேயருக்கு இவற்றினும் இனிப்பது வேறு. நெல், கரும்பு, பருத்தி, கத்தரி, எலுமிச்சை, புளிப்புத் தோடை ஆகியன ஸ்பெயின் மண்ணிலே வேரூன்றியது இக்காலத்திலேயே. தோடம்பழத்துக்கு ஸ்பானியர் வழங்கும் நறாஞ்ஹா என்னும் பெயர் அரபின் வழியாகவும், அதன்முன் பாரசீகம், சமஸ்கிருதம் ஆகியவற்றின் வழியாகவும் வந்தது. அதன் மூலம் எமது நாரத்தையோடு உறவுடைய திராவிடச் சொல்லே என்பர் மொழிநூலார் பலர். பழமும் பெயரும் ஒன்றாகவே பிரயாணஞ் செய்தன போலும். செவில் நகரத்து இப்னுல் அவ்வாம் 12 ஆம் நூற்றாண்டிலே மண்வகை, பசளை, ஒட்டுக்கட்டல், கால்நடை என விரித்து ஒரு கமத்தொழில் நூல் செய்தார். 1802 இலே ஸ்பானிய அரசினரே அதனைத் தம் மொழியிற் பெயர்த்து அச்சிடுவது பயனுடைத்தென எண்ணினர் என்றால் அதன் தகுதி எத்தகையது!

நீரை நிருவகித்த முறையோ இன்னுஞ் சிறந்தது. றோமர் விட்டுச் சென்ற கால்வாய்களைப் புதுக்கியும் புதியன வெட்டியும், மாடு சுற்றிவர மட்குடங்கள் நீர் மொள்ளும் சில்லுகளை அமைத்தும், வரண்ட சமவெளிகளைத் தோட்டங்களாக்கினர். வாய்க்காலுக்கும் நீர்ச்சில்லுக்கும் ஸ்பானியர் இன்றும் வழங்கும் அசேக்கியா, நோறியா என்னும் சொற்கள் அரபு. ஊர்த்தலைவனைக் குறிக்கும் அல்கால்தே என்னும் சொல்லோ நியாயாதிபதியைக் குறிக்கும் அல்-காதி என்பதன் திரிபு. ஒரு மக்களின் ஆட்சி போன பின்னும் அவர்களின் சொல் எங்கே தங்குகின்றது என்று பாருங்கள்: வாய்க்காலிலும் வழக்கு மன்றிலும்.

இனி, பொற்காலம் என்போர் விரைந்து கடந்து செல்லும் பக்கங்களையும் புரட்டுவது எமது கடன். 850 முதல் 859 வரை கொர்தோபாவிலே ஏறத்தாழ ஐம்பது கிறிஸ்தவர் நபிகளை நிந்தித்த குற்றத்துக்காகவும் இசுலாத்தை விட்ட குற்றத்துக்காகவும் சிரச்சேதம் செய்யப்பட்டனர். 1066 இலே கிறனாடாவில் யூத அமைச்சர் யோசேப்பு இப்னு நக்ரேலாவை ஜனக்கும்பல் ஒன்று கொன்று, நகரத்து யூதரையும் பெருந்தொகையாகப் படுகொலை செய்தது. 12 ஆம் நூற்றாண்டிலே மொறொக்கோவிலிருந்து வந்த அல்மொகாத்துகள் கொர்தோபாவைக் கைப்பற்றியபோது பாதுகாக்கப்பட்ட குடிகளின் பழைய உரிமை ஒரேயடியாகத் தள்ளப்பட்டது. பின்னாளிலே யூத உலகத்தின் தலைசிறந்த சட்ட அறிஞராக விளங்கிய மைமோனிதேஸ் அந்நாளிற் சிறுவன். குடும்பத்தோடு பிறந்த ஊரை விட்டுப் போனான். முஸ்லிம்களுக்கும் அவ்வரசு நிழலாக இருக்கவில்லை. செவிலிலும் கொர்தோபாவிலும் நியாயாசனத்தில் அமர்ந்தவரும், சட்ட அறிஞர் எவ்வெவ்விடத்து எக்காரணத்தால் மாறுபடுகின்றனர் என விளக்கி இன்றும் போற்றப்படும் நூலொன்றைச் செய்தவருமான இப்னு றுஷ்து, 1195 இலே லுசேனா என்னும் சிற்றூருக்கு நாடுகடத்தப்பட்டார். அவர் செய்த தத்துவ நூல்கள் எரிக்கப்பட்டன. 

ஆகவே, காப்புறுதி பெற்ற குடிகள் நல்ல மன்னனின் கீழ் நன்றாகவும், வெறி கொண்ட மன்னனின் கீழ் வருந்தியும் வாழ்ந்தார்கள் என்பதே நேர்மையான தீர்ப்பு. உறுதி மாறவில்லை, அதனை வாசிப்பவர் மாறினர். வாசிப்பவனே வாக்குக் கொடுத்தவனாகவும் இருந்தான். இந்தக் குறைபாடு முஸ்லிம் அரசுக்கு மாத்திரம் உரியதென எவரேனும் எண்ணின், அவர் தொலேதோவுக்கு வரட்டும்.

1085 இலே அந்நகரை அல்போன்சோ என்னும் காஸ்தீலிய மன்னன் பெற்றபோது, தலைமைப் பள்ளிவாசல் முஸ்லிம்களுக்கே உரியது என வாக்களித்தான். சிறிது காலத்துள் அது தேவாலயமாயிற்று. மன்னன் வெளியூர் சென்றிருந்த சமயம் பார்த்து அரசியும் அதிமேற்றிராணியாரும் செய்த காரியம் என்றும், மன்னன் கடுங்கோபங் கொண்டான் என்றும் பிற்காலக் குறிப்பேடு கூறும். கோபம் கொண்டான், பள்ளிவாசலைத் திருப்பிக் கொடுத்தானில்லை.

அதன்பின் 1236 இலே கொர்தோபாவும் 1238 இலே வலென்சியாவும் 1248 இலே செவிலும் வீழ்ந்தன. மலைகளாற் சூழப்பட்ட கிறனாடா ஒன்றே எஞ்சி, காஸ்தீலியாவுக்குத் திறை கொடுத்தும் சில வேளை கொடாதும் இன்னும் இரு நூற்றாண்டுகள் நின்றது. பத்தாண்டுப் போரின் முடிவிலே, 1491 நவம்பர் 25 ஆம் நாள், அதன் கடைசி அரசன் போவப்தில் சரணடைதற்கான உடன்படிக்கை எழுதப்பட்டது. இதுவே நாம் கூறிய இரண்டாவது உறுதி.

சட்டம் கற்றவர் இவ்வுடன்படிக்கையைத் தேடிப் படித்தல் நன்று. வரைந்தவர் எவராயினும் தம் தொழிலை நன்கறிந்தவரே. பெர்தினாந்தும் இசபெல்லாவும் தமக்காகவும் தம் வழித்தோன்றல்களுக்காகவும் என்றென்றைக்கும் வாக்களித்தனர். முஸ்லிம்கள் தம் மதத்திலே வாழலாம். பள்ளிவாசல்களும் அவற்றின் மானியங்களும் அவர்களுக்கே. அவர்களுடைய வழக்குகளை அவர்களுடைய சட்டப்படி அவர்களுடைய காதிமாரே விசாரிப்பர். ஒரு தரப்பு கிறிஸ்தவர், மறு தரப்பு முஸ்லிம் எனின் இரு சாரார் நியாயாதிபதிகளும் சேர்ந்திருந்து விசாரிப்பர். பிரித்துக் காட்டும் அடையாளம் எதுவும் உடையிற் பொறிக்குமாறு கட்டாயமில்லை. ஆபிரிக்கா செல்ல விரும்புவோர் சொத்தை விற்றுச் செல்லலாம். குறித்த காலத்துக்குக் கப்பற்கூலியும் இல்லை. கிறிஸ்தவராயிருந்து முன்னரே இசுலாத்தைத் தழுவியவரை எவரும் இழித்துரைக்கவோ வற்புறுத்தவோ கூடாது. நுணுக்கமான கேள்வி ஒவ்வொன்றையும் முன்கூட்டியே நினைத்து விடை எழுதியிருக்கின்றார்கள்.

ஒரேயொரு கேள்விக்கு விடையில்லை. அரசரே வாக்குத் தவறினால், முறையிடவேண்டிய மன்று எது?

உறுதி எட்டாண்டுகள் நின்றது. முதலாவது அதிமேற்றிராணியார் தலவேரா சாந்தகுணமுடையவர். மதம் மாற்றுதலை இனிய சொல்லாலும் பொறுமையாலுமே செய்யவேண்டும் என்ற கொள்கையினர். தம் குருமார் அரபு கற்பதற்கு வழிசெய்தவர். 1499 இலே சிஸ்நெரோஸ் வந்தார். அவருக்குப் பொறுமையில்லை. முன்னாட் கிறிஸ்தவரின் பிள்ளைகள்மீது திருச்சபைக்கு அதிகாரமுண்டு என்னும் வாதத்தைக் கொண்டு, உடன்படிக்கை எந்த வாசலை இறுக்கிப் பூட்டியதோ அந்த வாசலாலேயே உட்புகுந்தார். தொகுதி தொகுதியாக ஞானஸ்நானம் நடந்தது. அரபு நூல்கள் நகரச் சதுக்கத்திலே எரிக்கப்பட்டன. வைத்திய நூல்கள் மாத்திரம் விலக்கப்பட்டன. டிசம்பரில் அல்பாய்சின் பகுதி மக்கள் கிளர்ந்தெழுந்தனர். தொடர்ந்து அல்புகாறா மலைநாடும் எழுந்தது. உடனே அரசாங்கம் சொன்ன நியாயம் யாதெனின், குடிகள் கலகஞ் செய்தமையால் உடன்படிக்கை இரத்தாயிற்று என்பதாம்! ஒப்பந்தத்தை முதலில் முறித்தவன், அம்முறிவுக்கு எதிராக மற்றவன் எழுப்பிய கூக்குரலையே முறிவெனக் காட்டி விடுதலை பெறுவது எந்நாட்டுச் சட்டத்திலே உண்டு? எனினும் அதைச் சொல்வதற்கு எவன் முன்னிலையிலே நிற்பது? 1502 பெப்ரவரியில், காஸ்தீலிய முடியின் கீழுள்ள முஸ்லிம்கள் யாவரும் மதம் மாறுக, அன்றேல் நாட்டை விட்டகல்க எனக் கட்டளை பிறந்தது. யூதருக்கோ அக்கட்டளை 1492 இலேயே, கிறனாடா வீழ்ந்து மூன்று மாதம் முடியுமுன்னரே பிறந்துவிட்டது.

மதம் மாறியவர் மொறிஸ்கோ எனப் பெயர் பெற்றனர். மதம் போயிற்று, இனி மொழியும் நிலமும். 1559 முதல் அரச ஆணையாளர் கிறனாடாவிலே காணி எல்லைகளையும் உறுதிகளையும் சோதிக்கத் தொடங்கினர். பாட்டன் பூட்டன் காலந்தொட்டு உழுத நிலத்துக்குச் செல்லுபடியான உறுதி காட்ட மாட்டாதவன் தண்டமிறுக்கவேண்டும், இல்லையேல் நிலமிழக்கவேண்டும். 1567 ஜனவரி முதலாம் நாள் இரண்டாம் பிலிப்பு மன்னனின் கட்டளை கிறனாடாவிலே பறைசாற்றப்பட்டது. மூன்றாண்டுகளுக்குள் யாவரும் காஸ்தீலிய மொழி கற்றல்வேண்டும். அதன்பின் அரபிலே பேசுதலும் எழுதுதலும், வெளியிலாயினும் வீட்டினுள்ளாயினும், குற்றம். அரபில் எழுதப்படும் ஒப்பந்தம் செல்லாது. மரபு உடை ஆகாது, முகத்திரை ஆகாது, குளிப்பகங்கள் ஆகா, பழைய பெயர்களும் ஆகா. வெள்ளிக்கிழமைகளிலும் விழா நாட்களிலும் வீட்டுக் கதவைத் திறந்தே வைத்தல் வேண்டும்.

அவ்வாண்டிலே ஒரு முதியவர் எழுந்தார். பெயர் பிரான்சிஸ்கோ நூனெஸ் முலெய். மொறிஸ்கோப் பிரபு குலத்தவர். இளமையிலே தலவேராவிடம் பணிசெய்தவர். கிறனாடா மேல்மன்றின் தலைவரான பேத்றோ தே தேசாவுக்கு அவர் சமர்ப்பித்த மனு இன்றும் உளது. எமது தொழிலிலே எத்தனையோ மனுக்களைக் கண்டிருக்கின்றோம், வரைந்துமிருக்கின்றோம். இதற்கு நிகராக வைக்கத்தக்கவை சிலவே. மொழி வேறு, மதம் வேறு என்பது அவர் வாதத்தின் உயிர்நிலை. மால்த்தா தீவார் அரபு பேசும் கிறிஸ்தவர் அல்லரோ? கிழக்குத் தேசத்துக் கிறிஸ்தவர் அரபிலே வழிபடவில்லையோ? அவர்களுடைய விசுவாசத்திலே குறைகண்டவர் எவர்? இங்குள்ள உடையும் ஏனைய மாகாணங்களின் உடைபோல ஒரு நாட்டுடையே. அது மத அடையாளமன்று. குளிப்பகம் அழுக்கைப் போக்கவே. பெயர்களை அழித்தால் இன்னார் மகன் இன்னார் என்று எவ்வாறு அறிவது? மலைக் கிராமத்துக் கிழவனும் கிழவியும் மூன்றாண்டில் ஒரு புதுமொழியை எங்ஙனம் கற்பர், யார் கற்பிப்பர்? ஆத்திரமின்றி, வணக்கமாக, ஒவ்வொன்றாக எடுத்து வைக்கின்றார். அம்மனுவிலே சட்டத்தால் மறுக்கத்தக்க வாக்கியம் ஒன்றையும் எம்மாற் காணமுடியவில்லை.

மறுக்கவேண்டிய தேவையும் எவருக்கும் இருக்கவில்லை. மனு தள்ளப்பட்டது. கட்டளையை நிறைவேற்றும் பொறுப்பு யாருடைய கையில் இருந்ததோ அவரிடமே மனுவைக் கொடுக்கவேண்டியிருந்தது என்பதை நேயர் கவனித்திருப்பர். 1568 டிசம்பரில் அல்புகாறா மறுபடியும் எழுந்தது. ஈராண்டுக்கு மேலாக நடந்த அப்போரிலே இரு பக்கத்தாரும் செய்த கொடுமைகள் சிலவல்ல. குருமாரும் கிராமத்துப் பழங் கிறிஸ்தவரும் வதைக்கப்பட்டதை மறைத்தெழுதுதல் நேர்மையாகாது. முடிவிலே ஏறத்தாழ எண்பதினாயிரம் மொறிஸ்கோக்கள் கிறனாடாவிலிருந்து பெயர்க்கப்பட்டு, குளிர்காலத்திலே காஸ்தீலியா எங்கணும் சிதறடிக்கப்பட்டனர். 1609 முதல் 1614 வரை ஸ்பெயின் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் கப்பலேற்றப்பட்டனர். அவர்களுள் மெய்யாகவே கிறிஸ்தவராகிவிட்டவரும் பலர். நாடு கடத்தப்பட்டு மாறுவேடத்திலே திரும்பிவரும் றிக்கோத்தே என்னும் மொறிஸ்கோவை, செர்வாந்தேஸ் 1615 இலே தம் தொன் கிஹோத்தே இரண்டாம் பாகத்திற் படைத்துக் காட்டினார். அரசாங்கத்தை நேராகக் குறை கூறமுடியாத காலத்திலே எழுத்தாளன் செய்யக்கூடியது அதுவே.

வலென்சியாவில் மாத்திரம் மூன்றிலொரு பங்கு மக்கள் போயினர். அங்கே வெளியான வெளியேற்றக் கட்டளையிலே ஒரு விதி உண்டு. நூறு குடும்பத்துக்கு ஆறு குடும்பம் வீதம் நிறுத்தி வைக்கலாம். எதற்காக? வீடுகளையும் கரும்பாலைகளையும் நெல் விளைச்சலையும் வாய்க்கால்களையும் காப்பதற்கும், வரப்போகும் புதுக்குடிகளுக்குத் தொழில் காட்டிக் கொடுப்பதற்கும்! இவர்களால் நாட்டுக்கு ஆபத்து என்று கூறிய அதே கட்டளையிலே, இவர்களின்றி நிலம் விளையாது என்ற ஒப்புதலும் கையொப்பத்தோடு கிடக்கின்றது. ஆறு வீதம் நிற்கவும் பலர் மனங்கொள்ளவில்லை. பெரும்பாலோர் சுற்றத்தாரோடு போகவே துணிந்தனர்.

2015 ஆம் ஆண்டு ஸ்பெயின் பாராளுமன்றம், 1492 இலே துரத்தப்பட்ட யூதரின் சந்ததியார் அந்நாட்டுப் பிரசாவுரிமை பெற ஒரு சட்டம் இயற்றிற்று. அச்சட்டத்தின்படி விண்ணப்பிக்கும் காலம் 2019 இலே முடிவுற்றது. மொறிஸ்கோக்களின் சந்ததியாருக்கு அத்தகைய சட்டம் இயற்றப்படவில்லை. உடன்படிக்கையை எழுத்திலே கையில் வைத்திருந்தவர் அவர்களே என்பதை எண்ணும்போது எமக்குக் கசப்பான நகைப்பே உண்டாகின்றது.

அந்த வலென்சியாவிலேயே முஸ்லிம் காலத்து உரிமை ஒன்று மாத்திரம் இற்றைவரை அழியாமல் நிற்கின்றது. நகரைக் கைப்பற்றிய முதலாம் ஹாய்மே மன்னன் கால்வாய்களைக் குடிகளுக்கு அளித்தபோது, சரசேனியர் காலத்து வழக்கப்படியே நீரைப் பயன்படுத்துக என எழுதிவைத்தான். அவ்வழக்கு எவரால் காக்கப்படுகின்றது? நீர் பாய்ச்சும் கமக்காரர் தமக்குள்ளே தேர்ந்தெடுத்த எட்டுக் கால்வாய்ப் பிரதிநிதிகளால். இத்தண்ணீர் மன்று 960 ஆம் ஆண்டு கலீபாக் காலத்திலே தொடங்கியது என்பது ஊர் வழக்கு. ஆராய்ச்சியாளர் அவ்வாண்டை ஏற்பதில்லை. மன்று பழையது என்பதில் ஐயமில்லை. 2009 இலே ஐக்கிய நாடுகள் கல்வி விஞ்ஞான பண்பாட்டு ஸ்தாபனம் அதனை மனிதகுலத்தின் மரபுரிமைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. பழைய பள்ளிவாசல் இருந்த இடத்திலே கட்டப்பட்ட பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலுக்கு வெளியே, வியாழக்கிழமை தோறும் நண்பகலில் அது கூடுகின்றது. ஒவ்வொரு கால்வாயின் பெயரும் கூவப்படும். முறைப்பாடு உள்ளவன் முன்வந்து வாயாற் சொல்வான். தீர்ப்பும் அங்கேயே வாயாற் கூறப்படும். எந்தக் கால்வாயைச் சேர்ந்தவன்மீது முறைப்பாடோ, அந்தக் கால்வாயின் பிரதிநிதி அவ்வழக்கிலே தீர்ப்புக் கூறுவதில்லை. நியாயவாதிகளுக்கு அங்கே இடமில்லை என்பதையும் எம் சகோதரத் தொழிலாளருக்கு அறியத் தருகின்றோம்.